என்கோடிங்: குறியாக்கமா, குறிமுறையா?

தரவுத்தள மென்பொருளின் பிழைச் செய்திகளைத் தமிழாக்க உட்கார்ந்தால் முதல் நாளே இடறுகிற சொல் ‘என்கோடிங்’, அதாவது எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் முறை. குறியாக்கம், குறியேற்றம், குறிமுறை என்று மூன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. எதை எடுப்பது?

முதலில் வேரைப் பார்ப்போம். உள்ளே இருக்கும் ‘கோட்’, லத்தீனின் ‘காடெக்ஸ்’ பிரெஞ்சு வழியாக வந்தது. காடெக்ஸ் என்றால் அடிமரம், மரக்கட்டை. பிறகு எழுதுபலகைகளைச் சேர்த்துக் கட்டிய ஏடு, அப்புறம் சட்டத் தொகுப்பு. சங்கேதம் என்ற பொருள் பிற்பாடு ஒட்டிக்கொண்டது. நம் பழந்தமிழ்க் ‘கோடு’ம் மரக்கிளைதான், கோட்டுப்பூ என்கிறோமே! உறவெல்லாம் இல்லை, தற்செயல்தான். ஆனாலும் ரசிக்கலாம்.

கணினியில் இதன் வேலை என்ன? ‘த’வுக்கு ஒருங்குறி, அதாவது உலக எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோட், தந்திருக்கும் எண் 2980. யூடிஎஃப்-8 என்ற முறை அதை 224, 174, 164 என மூன்று பைட்டுகளாக (0 முதல் 255 வரையான எண்களாக) எழுதிவைக்கும். அதே பைட்டுகளை, மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்-1 முறை என்று நினைத்துப் படித்தால், தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ‘ஏ’, வட்டத்துக்குள் ‘ஆர்’, கூடவே ஒரு நாணயக்குறி தெரியும். தமிழ் எழுத்துக்கு முதல் பைட்டு எப்போதும் 224; இரண்டாவது 174 அல்லது 175. எந்தத் தமிழ்ச் சொல் சிதைந்தாலும் அந்த ‘ஏ’ விடாமல் வந்து நிற்பது இதனால்தான். ஆக, இங்கே என்கோடிங் என்பது ஒரு செயல் அல்ல, எழுதியவரும் படிப்பவரும் ஒத்துக்கொண்ட அட்டவணை.

போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் இதை எப்படிக் கையாள்கிறது என்பது சுவையானது. மொழிபெயர்ப்புகள் இருக்கும் பிஓ கோப்பின் தலைப்பிலேயே அதன் குறிமுறை எழுதியிருக்கும். தரவுத்தளத்தை நடத்தும் சர்வர் செய்தியை எடுத்து, அதோடு இணையும் பயனர் பக்க மென்பொருளான கிளையன்ட் கேட்கும் குறிமுறைக்கு மாற்றி அனுப்பும். கிளையன்ட் லத்தீன்-1 கேட்டால்? அதில் தமிழுக்கு இடமே இல்லை. ‘மாற்ற முடியவில்லை’ என்று ஒரு பிழை எழும். அந்தப் பிழைச் செய்தியும் தமிழில்தானே இருக்கிறது! அதையும் மாற்ற முடியாது, மறுபடி பிழை. இப்படியே சுழலாமல் இருக்க, சில சுற்றுகளில் போஸ்ட்கிரெஸ் மொழிபெயர்ப்பைக் கைவிட்டு ஆங்கில மூலத்தையே அனுப்பிவிடும். அப்போதும் ஆஸ்கிக்குள் (அடிப்படை ஆங்கில எழுத்து அட்டவணைக்குள்) அடங்காத பைட்டு எட்டிப் பார்த்தால் அதன் இடத்தில் கேள்விக்குறி. தமிழாக்கியவர் மெனக்கெட்டதெல்லாம் அங்கே போச்சு.

சரி, சொல்லுக்கு வருவோம். ‘குறியாக்கம்’ என்பதைப் பலர், தரவைப் பிறர் படிக்க முடியாதபடி மறைக்கும் என்க்ரிப்ஷனுக்கும் எழுதுகிறார்கள். ‘குறியாக்கம் பொருந்தவில்லை’ என்று திரையில் பார்க்கும் நிர்வாகி கடவுச்சொல்லையும் சான்றிதழையும் குடைய ஆரம்பித்துவிடுவார். அதனால் என் கணக்கில் அட்டவணைக்குக் குறிமுறை, எழுத்தைப் பைட்டாக்கும் செயலுக்குக் குறியேற்றம், என்க்ரிப்ஷனுக்கு மறையாக்கம். சிலர் மூல நிரலையும் குறிமுறை என்கிறார்கள். அதற்குத்தான் ‘நிரல்’ இருக்கிறதே.

அப்போது அந்த ‘மாற்ற முடியவில்லை’ செய்தி இப்படி வரும்: ‘இந்த எழுத்துக்கு LATIN1 குறிமுறையில் நிகர் இல்லை.’ பிஓ கோப்பில் குறிமுறையின் பெயர் வரவேண்டிய இடத்தில் சதவீதக் குறிதான் இருக்கும். அதில் கைவைக்க வேண்டாம். அந்தப் பெயரைச் சர்வரே நிரப்பும், பயனரும் கட்டளையில் அதை அப்படியே தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும்.