கீமோ முடிந்த பிறகு விழிக்கும் கிருமி

"எனக்கு மஞ்சள் காமாலையே வந்ததில்லையே டாக்டர், கல்லீரல் கிருமிக்கு எதுக்கு டெஸ்ட்?" பினாங்கு பொது மருத்துவமனையிலோ, ரத்த நோய்களுக்கான தேசிய மையமான அம்பாங் மருத்துவமனையிலோ லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறக் காத்திருக்கும் அறுபது வயதுக்காரர் யாரும் இப்படிக் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

அந்தக் கல்லீரல் கிருமியின் பெயர் ஹெபடைட்டிஸ் பி. மலேசியாவில் பிறந்த குழந்தைகள் எல்லாருக்கும் அதற்கான தடுப்பூசி போடத் தொடங்கியது 1989இல். அதற்கு முன் பிறந்தவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. பிரசவத்தின்போது தாயிடமிருந்து கிருமி தொற்றினால், 100 குழந்தைகளில் ஏறக்குறைய 90 பேரிடம் அது நிரந்தரமாகத் தங்கிவிடும். பெரியவர்களுக்குத் தொற்றினால் 95 பேருக்கு மேல் குணமாகிவிடுவார்கள். பலருக்கு வந்து போனதே தெரியாது.

ஆனால் அந்தக் 'குணம்' முழுக் குணம் இல்லை. இந்த வைரஸ் கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் நுழைந்து, தன் மரபணுவை ஒரு மூடிய வளையமாக அங்கே விட்டுவைக்கிறது. ரத்தத்தில் கிருமி இல்லை என்று முடிவு வந்த பிறகும், சில செல்களில் அந்த வளையம் பல பத்தாண்டுகள் கிடக்கும். அது தலைதூக்காமல் காவல் காப்பது நம் நோய் எதிர்ப்புச் சக்திதான்.

லிம்ஃபோமாவுக்குக் கீமோவோடு சேர்த்துத் தரும் ரிட்டுக்சிமேப் அந்தக் காவலைக் கலைத்துவிடுகிறது. 1997 முதல் பயன்பாட்டில் உள்ள அருமையான மருந்து அது. எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. பி செல்கள் என்ற வெள்ளை அணுக்களின் மேல் இருக்கும் சிடி20 என்ற புரதத்தை அடையாளம் வைத்து அவற்றை அழிக்கும். புற்றுநோய் பி செல், நல்ல பி செல் என்று பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது. காவல் குறைந்ததும் வைரஸ் பெருகுகிறது. அப்போது நோயாளிக்கு ஒன்றுமே தெரியாது. காரணம், கல்லீரல் செல்களைப் பெரும்பாலும் கொல்வது வைரஸ் அல்ல, அதைத் தேடி வரும் நம் டி செல்கள் என்ற வேறு வகை வெள்ளை அணுக்கள். கீமோ முடிந்து உடம்பு தேறி, எதிர்ப்புச் சக்தி திரும்பும்போது, கிருமி நிறைந்த கல்லீரலை அது ஒரேயடியாகத் தாக்குகிறது. கண் மஞ்சளாகும், சிறுநீர் பால் கலக்காத தே ஓ நிறத்தில் போகும். சிலருக்குக் கல்லீரலே செயலிழந்துவிடும். கடைசி ஊசி போட்டு 24 மாதங்கள் வரைகூட இப்படி நடந்திருக்கிறது. 2013இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த எச்சரிக்கையை மருந்தின் விவரத்தாளில் கட்டம் கட்டிப் போடவைத்தது.

ரத்தப் புற்றுநோய்க்கும் இந்தக் கிருமிக்கும் பழைய உறவு உண்டு. 1965இல் அமெரிக்க விஞ்ஞானி பரூக் ப்ளம்பெர்க், லுக்கேமியா நோயாளிகளின் ரத்தத்தில் ஒரு புதிய புரதம் அடிக்கடி தென்படுவதாக எழுதினார். அது புற்றுநோயோடு தொடர்புடையது என்றே முதலில் எண்ணினார்கள். பிறகுதான் அது ஹெபடைட்டிஸ் பி வைரஸின் மேலுறை என்று தெரிந்தது. அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், கிருமியைத் துரத்தச் சக்தியற்றவர்கள் என்பதால்தான் அந்த நோயாளிகளிடம் அது அவ்வளவு இருந்தது. 1976இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இன்றும் பரிசோதனையில் முதலில் தேடுவது அந்த மேலுறைப் புரதத்தைத்தான். ஆனால் பழைய தொற்றில் அது மறைந்திருக்கும். வைரஸின் உட்கூட்டுக்கு எதிராக நம் உடம்பு உருவாக்கிய எதிர்ப்பொருள், அதாவது கோர் ஆன்டிபாடிதான் காட்டிக்கொடுக்கும். ஆகவே "கோர் ஆன்டிபாடி பார்த்தாச்சா?" என்று சிகிச்சைக்கு முன்பே தயங்காமல் கேளுங்கள்.

அது இருந்தால் என்ன செய்வது? ரிட்டுக்சிமேப் தொடங்கும் முன்பே என்டெகாவிர் அல்லது டெனோஃபோவிர் மாத்திரை, தினம் ஒன்று. வளையத்தை அது அழிக்காது. புது வைரஸ் உருவாவதைத் தடுக்கும். என்டெகாவிரை வெறும் வயிற்றில் போட வேண்டும், சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது கழித்து, அடுத்த சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரமாவது முன்பு. மாமாக் கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்ட கையோடு போட்டால் மருந்து சரியாகச் சேராது.

நம் வீடுகளில் உடனே கீழாநெல்லி பேச்சு வரும். 1988இல் சென்னை ஆய்வாளர்கள் ப்ளம்பெர்க்கோடு சேர்ந்தே அதைச் சோதித்து நல்ல பலன் கண்டதாக எழுதினார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. கீமோ சமயத்தில் டாக்டரிடம் சொல்லாமல் எந்தக் கஷாயமும் வேண்டாம்.

எனக்கு மிகவும் கவலை தருவது கீமோ முடிந்த பிறகு வரும் நாட்கள்தான். புற்றுநோய் போய்விட்டது என்ற சந்தோஷத்தில் இந்தச் சின்ன மாத்திரையையும் நிறுத்திவிடத் தோன்றும். கடைசி ரிட்டுக்சிமேப்புக்குப் பிறகு குறைந்தது 18 மாதம் அது தொடர வேண்டும் என்கின்றன ஐரோப்பிய வழிகாட்டுதல்கள். மேலுறைப் புரதம் இருப்பவர்களுக்கு இன்னும் நீளலாம். எப்போது நிறுத்துவது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். நிறுத்திய பிறகும் ஓராண்டுக்கு ரத்தப் பரிசோதனை உண்டு. அந்தத் தேதிகளையும் காலண்டரில் குறித்து வையுங்கள்.