நெஃப்ரோடாக்சிசிட்டி: வில்லோடு வந்த சொல்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு அக்கா ஒருவர் குடல் புற்றுநோய்க்குப் பெவாசிசுமாப் ஊசி போட்டுக்கொள்கிறார். போன வாரம் டிஸ்சார்ஜ் சீட்டை நீட்டி, "இன்னாபா இது, கிட்னி பூட்ச்சுன்னு எழுதிக்கிறாங்களா?" என்றார். சீட்டில் இருந்த சொல் நெஃப்ரோடாக்சிசிட்டி. அதற்கு முன்னால் 'ரிஸ்க்' என்றும் இருந்தது. பயத்தில் அது அவர் கண்ணில் படவில்லை.

'நெஃப்ரோஸ்' கிரேக்கத்தில் கிட்னி. நம் கறிக்கடையில் ஆட்டுக்கு அது குண்டிக்காய், பழைய தமிழ் பைபிளிலும் அப்படித்தான். பின்பாதியின் கதைதான் சுவையானது. 'டாக்சன்' என்றால் வில். அம்பு முனையில் தடவுகிற நஞ்சு 'டாக்சிகான்'. சொல் லத்தீனுக்குப் போனபோது வில்லும் அம்பும் உதிர்ந்து, நஞ்சு மட்டும் மிஞ்சியது.

அக்காவுக்குப் போடுவதும் ஓர் அம்புதான், 'டார்கெட்டட்' மருந்து. குறிபார்த்து எய்தது கிட்னியில் ஏன் பட வேண்டும்? குறி தப்பவில்லை, அதே குறி கிட்னியிலும் இருக்கிறது. பெவாசிசுமாப் மறிப்பது விஇஜிஎஃப் என்கிற புரதத்தை. கட்டி தனக்கு ரத்தக் குழாய் வளர்த்துக்கொள்வது அதை வைத்துத்தான். கிட்னியின் வடிகட்டிச் செல்களும் அதையே சுரக்கின்றன. அங்குள்ள நுண்குழாய்கள் சிதையாமல் இருக்க அது வேண்டும். மறித்தால் வடிகட்டி கசிகிறது, சிறுநீரில் புரதம் இறங்கி நுரைக்கலாம், பிபியும் ஏறலாம். குடல் புற்றுநோய்க்கே போடும் இன்னொரு டார்கெட்டட் ஊசியான செடுக்சிமாப் செய்வது வேறு மாதிரி: மெக்னீசியத்தைச் சிறுநீரில் போக விட்டுவிடும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'சிறுநீரக நச்சுத்தன்மை' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. பாம்பின் நச்சுத்தன்மை என்றால் நஞ்சு பாம்பிடம் இருக்கிறது. அந்தக் கணக்கில் சிறுநீரகமே நஞ்சாகிவிடும். இன்னொரு சிக்கல், மருந்தின் குணத்துக்கும் அதனால் நடந்த கேட்டுக்கும் ஆங்கிலத்தில் இந்த ஒரே சொல் ஓடுகிறது. அக்கா பயந்ததே அதனால்தான். இரண்டையும் நாம் பிரித்துக்கொள்ளலாம். குணத்துக்குச் 'சிறுநீரகத்துக்கு ஊறு செய்யும் தன்மை', நடந்துவிட்டதற்கு 'மருந்தால் வந்த சிறுநீரகப் பாதிப்பு'. நீளம்தான், ஆனால் யாரும் தப்பாகப் படிக்க முடியாது.

அக்காவின் சோதனையில் புரதம் 'ஒன் பிளஸ்', அதாவது லேசாக இருக்கிறது, என்று வந்திருந்தது. 24 மணி நேரச் சிறுநீரைப் பிடித்துவரச் சொல்லி ஒரு கேன் கொடுத்திருந்தார்கள். அதில் புரதம் 2 கிராமைத் தொட்டால் ஊசியை நிறுத்திவைப்பார்கள், குறைந்ததும் திரும்பத் தொடங்குவார்கள்.

"கிட்னி போகலக்கா. இந்த ஊசி சில பேருக்குக் கிட்னிக்கு ஒத்துக்காது, பாத்துக்கணும்னு எழுதியிருக்காங்க" என்றேன்.

"ஒத்துக்காதுன்னே எழுத வேண்டியதுதானே" என்றபடி கேனை எடுத்துக்கொண்டு போனார்.