நோயாளிக்கு எதற்கு வழக்கறிஞர்?

“உங்கள் செவிலியரே உங்கள் வழக்கறிஞர்.” அறுவைக்காகக் காத்திருப்பவர் கையில் இப்படி அச்சிட்ட தாளைக் கொடுத்தால் என்ன நினைப்பார்? நம்மீது ஏதோ கேஸ் இருக்கிறது என்றுதான். நோயாளிக்காகக் குரல் கொடுப்பவரைக் குறிக்கும் பேஷன்ட் அட்வகேட் என்பதை அகராதியின் முதல் பொருளோடு நிறுத்திக்கொண்டு மொழிபெயர்த்ததன் விளைவு இது. அந்தச் செயலின் பெயராக அட்வகசி என்று வந்தால் ‘நோயாளி வக்காலத்து’ ஆகிவிடுகிறது.

மூலம் இலத்தீனின் அட்வொகாட்டஸ், துணைக்கு அழைக்கப்பட்டவர். ரோமில் அது வழக்குத் துணைதான். ஆனால் ஒருவருக்காகக் குரல் கொடுப்பவர் என்ற பொதுப்பொருளும் ஆங்கிலத்தில் பல நூற்றாண்டுகளாக உண்டு. செவிலியப் பணிக்கு வந்தது அந்தப் பொருள். 1893-இல் டெட்ராய்ட்டில் எழுதப்பட்ட நைட்டிங்கேல் உறுதிமொழி, மருத்துவருக்கு விசுவாசமாகத் துணைநிற்கச் சொன்னது. சர்வதேச செவிலியர் மன்றத்தின் 1973 நெறிமுறை, செவிலியரின் முதற்பொறுப்பு பராமரிப்பு தேவைப்படும் மக்களிடமே என்றது. இந்த இடமாற்றத்தைச் சொல்லும் சொல்தான் நமக்கு வேண்டும்.

வக்காலத்து அதைச் சொல்லாது. அரபு மூலம் என்பதற்காக அதை ஒதுக்கவில்லை. வக்கீலும் தாசில்தாரும் எப்போதோ தமிழாகிவிட்டார்கள். சிக்கல் பொருளில் இருக்கிறது. வக்கீலுக்கு நாம் கையெழுத்துப் போட்டு வக்காலத்து கொடுக்க வேண்டும். செவிலியரின் கடமைக்கு யார் கையெழுத்தும் தேவையில்லை, நினைவிழந்து கிடப்பவருக்கும் அது உண்டு. வக்கீல் வந்தால் எதிர்த்தரப்பும் வரும், அந்த நாற்காலியில் மருத்துவர் உட்கார்ந்துவிடுவார். போதாததற்கு, “அவனுக்கு ஏன் வக்காலத்து வாங்குறே?” என்பது தமிழில் திட்டு.

‘பரிந்துரை’ என்போர் இன்னொரு சாரார். சொல்லின் வேர் சரி, காலம்தான் தவறு. இன்று அது சிபாரிசு. மருத்துவமனைக்குள் இன்னும் மோசம்: “மருத்துவர் பரிந்துரையின்றி விற்கக் கூடாது” என்று மாத்திரை அட்டை பார்த்துப் பழகியவர், ‘செவிலியர் பரிந்துரை’ என்றால் சிஸ்டர் மருந்து எழுதித் தருவார் என்றே படிப்பார். மருத்துவரிடம் நோயாளியின் நிலையைச் சொல்ல எஸ்பார் என்றொரு முறை இருக்கிறது: நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை. கடைசிப் படிக்கே அந்தச் சொல் செலவாகிவிட்டது. மொத்தச் செயலுக்கும் அதையே வைத்தால் பயிற்சி வகுப்பில் குழப்பம்தான். ‘பரப்புரை’ தேர்தல் மேடைக்கும் தடுப்பூசி இயக்கத்துக்கும் பொருந்தும். ஒற்றைக் கட்டிலருகே அதற்கு வேலையில்லை.

அந்தக் கட்டிலருகே நடப்பதைப் பாருங்கள். முடக்குவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்துக்கு ஒருமுறை தரவேண்டியது. சார்ட்டில் ‘தினமும்’ என்று இருக்கிறது. அப்படியே கொடுத்தால் வாய் புண்ணாகும், எலும்பு மஜ்ஜை ஒடுங்கி ரத்த அணுக்கள் சரியும், உயிரே போகலாம். செவிலியர் மாத்திரையை நிறுத்திவைத்து, எழுதிய மருத்துவரையே அழைக்க வேண்டும். “சார், இது சரிதானே?” என்று இழுத்தால் “சரிதான், குடுங்க” என்ற பதில் வரும்; பெரும்பாலும் கோட்டைவிடுவது இங்கேதான். மருந்தின் பெயர், அளவு, எழுதியிருப்பது தினமும், இருக்கவேண்டியது வாரம் ஒருமுறை என்று உடைத்துச் சொல்ல வேண்டும். காதில் விழவில்லையென்றால் இன்னொரு முறை. அப்புறமும் அசையாவிட்டால் மேலதிகாரி. யாரிடம், எத்தனை மணிக்குச் சொன்னோம் என்பது குறிப்பேட்டில் ஏற வேண்டும்.

ஒப்புதலும் அப்படித்தான். பரிசோதனைக்கு மட்டும் ஒப்பிய பெண் மயக்கத்தில் இருக்கையில், தாயின் சம்மதத்தோடு கருப்பை நீக்கப்பட்ட வழக்கில், அந்தச் சம்மதம் செல்லாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. “இதற்கு அவர் ஒப்பவில்லை” என்று அறுவை அரங்குக்குள் ஒரு குரல் எழ வேண்டிய தருணம் அது.

இதற்குத் தமிழ் வழக்கில் இருப்பது ‘பரிந்து பேசுதல்’. பரிதலுக்கு அன்புகொள்ளுதல், வருந்துதல் இரண்டும் பொருள். குறளின் ‘பரிந்தோம்பி’க்கு வருந்திக் காத்தல் என்றே பரிமேலழகர் உரை போகிறது. தப்பு செய்தவனுக்கும் பரிந்து பேசுவார்களே என்பீர்கள். உண்டு, ஆனால் நோயாளி தப்பு செய்தவரில்லை என்பதால் அந்த நிழல் இங்கே விழாது. செவிலி என்ற சொல்லே அகப்பாட்டின் வளர்ப்புத்தாயிடமிருந்து வந்தது. தலைவியின் காதலை வீட்டாருக்கு வெளிப்படுத்தும் அறத்தொடு நிற்றலில் அவள் மனத்தைத் தோழி செவிலிக்கும், செவிலி பெற்றவளான நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும் எட்டவைப்பார்கள். சொல்ல முடியாதவளின் விருப்பம் படிப்படியாக மேலே போகிறது. கலைச்சொல் ஆக்குவோர் கண்ணில் இது படாதது வியப்பு.

துண்டறிக்கைக்குப் பெயர்ச்சொல்லே வேண்டாம்: “உங்களுக்காக மருத்துவரிடம் பரிந்து பேசுவது செவிலியரின் கடமை.” பாடநூலுக்குப் பெயர் வேண்டுமென்றால் பரிந்துபேசல். இங்கிலாந்தில் சட்டப்படி அமர்த்தப்படும் தனி அட்வகேட்டைச் ‘சார்பாளர்’ எனலாம். ‘பிரதிநிதி’ மட்டும் வேண்டாம். இந்தியாவின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் நோயாளி நியமித்துக்கொள்ளும் பிரதிநிதி வேறு ஆள், சில நிலைகளில் அவரே முடிவெடுப்பார். சார்பாளர் முடிவெடுப்பதில்லை, நோயாளியின் முடிவைக் கேட்கவைப்பார்.