சிமெண்டு மூட்டையைத் திருப்பிப் பாருங்கள்

பினாங்கில் வீட்டு முற்றத்துக்கோ கோயில் வளாகத்துக்கோ கான்கிரீட் பாதை போட நினைப்பவர்கள் ஹார்ட்வேர் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "சாம்பல் கலக்காத சிமெண்டு இருக்கிறதா?" கலந்தது என்றாலே கலப்படம் என்று பயம். அந்தப் பயத்துக்கு மூட்டையிலேயே பதில் இருக்கிறது.

மலேசியாவின் 1994ஆம் ஆண்டு 520ஆம் சட்டம், கட்டுமானப் பொருள்களுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. நான்காவது அட்டவணை என்பார்கள். சிமெண்டும் அதில் உண்டு. பட்டியலில் உள்ள பொருளை, சிஐடிபி எனப்படும் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தின் தர இணக்கச் சான்றிதழ் இல்லாமல் விற்பதும் இறக்குமதி செய்வதும் குற்றம். அபராதம் 10,000 ரிங்கிட்டில் தொடங்கி 500,000 வரை போகும். சான்றிதழ் வாங்குவது தயாரிப்பாளர், இறக்குமதியாளரின் வேலை. வீட்டுக்காரர் எங்கும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை.

இனி மூட்டையைப் பாருங்கள். எம்எஸ் இஎன் 197-1 என்ற தர எண்ணுக்கு அருகில் 'செம்' (CEM) என்று தொடங்கும் குறியீடு இருக்கும். செம் 1 என்றால் ஏறக்குறைய முழுவதும் கிளிங்கர், அதாவது சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுச் செய்யும் சிமெண்டின் மூலப்பொருள். செம் 2/ஏ என்றால் மற்ற பொருள்கள் 6 முதல் 20 விழுக்காடு, செம் 2/பி என்றால் 21 முதல் 35. செம் 3/ஏ வகையில் இரும்பாலைக் கசடு 36 முதல் 65 வரை இருக்கலாம். தொடர்ந்து வரும் எழுத்து எஸ் என்றால் கசடு, வி என்றால் நிலக்கரிச் சாம்பல், எல் என்றால் சுண்ணாம்புக்கல். கடைசியில் உள்ள 32.5, 42.5 ஆகியவை 28ஆம் நாளில் சிமெண்டு காட்ட வேண்டிய குறைந்தபட்ச வலிமை. கலவை எதுவானாலும் 42.5 என்று எழுதிய மூட்டை அந்த வலிமையைத் தந்தே ஆக வேண்டும்.

ஏன் கலக்கிறார்கள்? கிளிங்கர் செய்யச் சுண்ணாம்புக்கல்லை 1,450 டிகிரி வரை சுடுகிறார்கள். அப்போது வெளியேறும் கரியமில வாயுவில் பாதிக்கு மேல் எரிபொருளிலிருந்து அல்ல, கல்லுக்குள்ளிருந்தே வருகிறது. அடுப்பை மாற்றினாலும் அது நிற்காது. கிளிங்கரைக் குறைப்பதே கைக்கெட்டிய வழி. இந்தக் கலவைகள் நல்லவை என்பதே என் உறுதியான எண்ணம்.

ஆனால் ஒன்று: கசடும் சாம்பலும் கலந்த கான்கிரீட் மெதுவாகத்தான் இறுகும், அதுவரை ஈரம் காயக்கூடாது. என் அண்ணன் வீட்டு முற்றத்தில் கொத்தனார் மூன்றாம் நாளே ஈரச் சாக்கை எடுத்துவிட்டார். ஆறு மாதத்தில் துடைப்பம் பட்ட இடமெல்லாம் வெள்ளைத் தூள் எழுந்தது. பழி சிமெண்டின் மேல் விழுந்தது, தவறியதோ தண்ணீர். குறைந்தது ஏழு நாள், கலவை சிமெண்டென்றால் பத்து நாளாவது சாக்கு நனைந்தே இருக்க வேண்டும். 100 மில்லிமீட்டர் தடிப்பான தளத்துக்கு இரண்டரை முதல் மூன்று மீட்டருக்கு ஒரு வெட்டு, தடிப்பில் நாலில் ஒரு பங்கு ஆழம். இல்லையென்றால் தளம் தன் இஷ்டத்துக்கு வெடிக்கும்.

செம்பனை ஆலைச் சாம்பலைப் பற்றியும் கேட்கிறார்கள். நிபோங் திபாலில் பொறியியல் வளாகம் வைத்திருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள், அதை மிக நுண்ணியதாக அரைத்து வலிமை மிக்க கான்கிரீட் செய்து காட்டியிருக்கிறார்கள். நம் தோட்டத்துக் கழிவு நம் சாலைக்கே திரும்புவதை நான் ஆவலோடு எதிர்பார்க்கிறேன். ஆனால் மேலே சொன்ன தரத்தின் பொருள் பட்டியலில் அந்தச் சாம்பல் இல்லை. எனவே 'செம்பனைச் சாம்பல் போட்டது, மலிவு' என்று யாராவது கொண்டுவந்தால் வாங்காதீர்கள்.

மைஹிஜாவ் முத்திரை சிஐடிபி சான்றிதழிலிருந்து வேறு. அது பொருளின் பசுமைத் தன்மைக்கான அங்கீகாரம். சான்றிதழைப் போலக் கட்டாயமில்லை.

வேலியைத் தாண்டி, தெருவை ஒட்டிய நிலத்தில் கான்கிரீட் போடுவதென்றால் மாநகர் மன்றத்தின் அனுமதியை முதலில் வாங்குங்கள். குத்தகையாளர் சிஐடிபியில் பதிந்தவரா என்று கேளுங்கள். பில்லில் சிமெண்டின் முழுக் குறியீட்டையும் எழுதச் சொல்லி, மூட்டையையும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.