கட்டை அவிழ்க்கும் வைரஸ்

காசிமேட்டில் படகு கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கயிற்றின் ஒரு முனை துறையில், மறுமுனை படகில். எஞ்சின் எவ்வளவு உறுமினாலும் கட்டை அவிழ்க்காமல் படகு நகராது. நம் செல்களின் மேற்சவ்விலும் இப்படி ஒரு கயிறு உண்டு. அது டெதரின் என்ற புரதம்.

வைரஸ் என்றதும் நாம் வாசலைப் பற்றித்தான் பேசுகிறோம். கொரோனா சமயத்தில் ஸ்பைக் சாவி, ஏஸ்2 பூட்டு என்று டீக்கடை வரைக்கும் பேச்சு நடந்தது. தப்பில்லை, ஆனால் அது பாதிக் கதை. உள்ளே போன வைரஸ் பல்கி வெளியே வந்தால்தான் அடுத்த செல்லைப் பிடிக்க முடியும். அங்கேயும் சவ்விலுள்ள புரதங்கள் குறுக்கே நிற்கின்றன.

எச்.ஐ.வி.யை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் அது முதலில் தெரியவந்ததே நம்மூரில்தான். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா, சேகரித்த ரத்த மாதிரிகளைத் தன் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருந்து, இரவு ரயிலில் வேலூருக்குக் கொண்டுபோய்ப் பரிசோதித்தார். அந்த வைரஸ் நோய் எதிர்ப்புச் செல்லான டி-செல்லுக்குள் நுழைய இரண்டு சவ்வுப் புரதங்கள் வேண்டும்: முதலில் சிடி4, கூடவே பெரும்பாலும் சிசிஆர்5. சிசிஆர்5 மரபணுவின் இரு பிரதிகளிலும் 32 டி.என்.ஏ. எழுத்துகள் விடுபட்டுப் பிறந்தவர்களை எச்.ஐ.வி. அவ்வளவு எளிதில் தொற்றுவதில்லை. வட ஐரோப்பியர்களிடம் ஓரளவு காணப்படும் இந்த மாற்றம் இந்தியர்களிடம் மிக அரிது.

நுழைந்தாயிற்று. செல்லின் இயந்திரங்களைக் கொண்டே வைரஸின் பாகங்கள் தயாராகி, சவ்வின் உட்புறம் வந்து கூடுகின்றன. சவ்வு அந்த இடத்தில் மொட்டுப்போல் புடைக்கிறது. வைரஸ் அந்தச் சவ்வையே போர்த்திக்கொண்டு பிரிகிறது. அதன் போர்வை நம்முடைய துணிதான்! வைரஸ் மாட்டிக்கொள்வதும் இங்கேதான்.

டெதரினுக்கு இரண்டு முனைகளிலும் நங்கூரம். ஒரு முனை சவ்வை ஊடுருவி நிற்கிறது. மறுமுனை கொழுப்பு வால் ஒன்றால் சவ்வில் பதிந்திருக்கிறது. மொட்டு பிரியும்போது ஒரு முனை வைரஸின் போர்வையோடு போய்விட, மற்றது செல்லிலேயே நின்றுவிடுகிறது. வைரஸ் கரையை விட்டுப் போக முடியாமல் செல்லின் மேலேயே தொங்குகிறது.

இது தெரியவந்தது 2008-இல். அதற்கு முன்பே ஒரு புதிர் இருந்தது. விபியு என்ற தன் புரதம் இல்லாத எச்.ஐ.வி., சில வகைச் செல்களிலிருந்து சிக்கலில்லாமல் வெளியேறியது; வேறு சிலவற்றில் மேற்பரப்பிலேயே குவிந்து கிடந்தது. புரதத்தை வெட்டும் நொதியைச் சேர்த்ததும் குவியல் உதிர்ந்தது. அப்படியானால் கட்டியிருப்பது புரதக் கயிறு. வைரஸ் வந்திருப்பதை அறிவிக்கும் இன்டர்ஃபெரானைக் கொடுத்தால், தாராளமாக விட்ட செல்களும் பிடித்துவைக்கத் தொடங்கின. இந்தத் துப்புகளைப் பிடித்துக்கொண்டு போனபோது அகப்பட்டதுதான் டெதரின்.

எனக்கு இதைவிடப் பிடித்தது அடுத்த ஆண்டு நடந்த சோதனை. டெதரினோடு எந்த உறவும் இல்லாத மூன்று புரதங்களிலிருந்து துண்டுகளை வெட்டி ஒட்டி, அதே வடிவத்தில் ஒரு போலி டெதரினைச் செய்தார்கள். அதுவும் வைரஸைக் கட்டிப்போட்டது. கயிறு நைலானா, தேங்காய் நாரா என்பது பொருட்டில்லை. இரு முனையிலும் முடிச்சு இருந்தால் போதும். விபியுவால் இந்தப் போலியை ஒன்றும் செய்ய முடியவில்லை என்பது கூடுதல் வேடிக்கை.

அசல் டெதரினை விபியு என்ன செய்கிறது? 81 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட சின்னப் புரதம் அது. சவ்வுக்குள்ளேயே டெதரினை ஒட்டிப் பிடித்து, மேற்பரப்புக்கு வரவிடாமல் தடுத்து, செல்லின் குப்பைக்கிடங்குக்கு அனுப்பிவிடுகிறது.

இந்த வித்தை பிறவியிலேயே வந்ததல்ல. எச்.ஐ.வி.யின் மூதாதை சிம்பன்சிகளிடம் இருந்தது. அங்கே டெதரினை அகற்றியது நெஃப் என்ற வேறொரு வைரஸ் புரதம். மனித டெதரினிலோ நெஃப் பிடிக்கும் இடத்தில் 5 அமினோ அமிலங்கள் இல்லை, பிடி நழுவியது. உலகெங்கும் பரவிய எம் பிரிவு எச்.ஐ.வி.யில் அந்த வேலையை விபியு ஏற்றுக்கொண்டது. நெஃப்பும் சும்மா இல்லை. செரின்க்5 என்ற இன்னொரு சவ்வுப் புரதம் வைரஸின் போர்வையில் ஏறிக்கொண்டு, அடுத்த செல்லுக்குள் நுழையும் திறனைக் குறைக்கிறது. அதை அப்புறப்படுத்துவது நெஃப்பின் வேலை என்று 2015-இல் தெரிந்தது.

தாம்பரம் சானடோரியம் மருத்துவமனையில் இன்று பலர் எச்.ஐ.வி.க்காக வாங்கிப்போகும் ஒற்றை மாத்திரையில் மூன்று மருந்துகள். மூன்றும் குறிவைப்பது வைரஸின் நொதிகளை. சிசிஆர்5 வாசலை அடைக்க மரவிராக் என்ற மருந்து 2007-லேயே அனுமதி பெற்றது. விபியுவின் கையைத் தட்டிவிட்டு டெதரினைக் காப்பாற்றும் மருந்து எதுவும் இன்னும் சந்தைக்கு வரவில்லை.