ஒரே பெயர், ஆறு இடங்கள்: மோட் நிரலில் துணைச் செயற்கூறுகள்

ஃபாக்டோரியோ என்ற கணினி விளையாட்டில் புதிய சேமிப்புப் பெட்டி ஒன்றைச் சேர்க்க முனையும் மோட் (விளையாட்டில் புதியவற்றைச் சேர்க்கும் கூடுதல் நிரல்) எழுத்தாளர், உண்மையில் மூன்று வரையறைகளை எழுத வேண்டியிருக்கிறது: தரையில் வைக்கப்படும் பெட்டி, விளையாடுபவரின் பையில் இருக்கும் பொருள், அப்பொருளைத் தயாரிக்கும் செய்முறை. இம்மூன்றையும் பிணைப்பது பெயர் மட்டுமே. பெட்டிக்கு ஒரு முறை, அதைப் பெயர்த்தெடுத்தால் எந்தப் பொருள் கிடைக்கும் என்பதற்கு ஒரு முறை, பொருளுக்கு ஒரு முறை, அதைத் தரையில் வைத்தால் எந்தப் பெட்டி தோன்றும் என்பதற்கு ஒரு முறை, செய்முறைக்கு ஒரு முறை, அதன் விளைபொருளுக்கு ஒரு முறை என ஒரே பெயர் ஆறு இடங்களில் எழுதப்படுகிறது. பத்துப் பெட்டிகள் என்றால் 60 இடங்கள்.

முதல் பெட்டியின் வரிகளைப் படியெடுத்து ஒட்டி, பெயரை மட்டும் மாற்றிக்கொண்டே போவதுதான் பலரும் முதலில் கையாளும் வழி. அதில் நேரும் பிழைகள் எல்லாம் ஒரே வகையானவை அல்ல. பொருளை வைக்கும்போது தோன்ற வேண்டிய பெட்டியின் பெயரில் எழுத்துப் பிழை இருந்தால், அப்படி ஒரு பெட்டியே இல்லை என்று சொல்லி விளையாட்டு தொடங்கும்போதே நின்றுவிடும். அது நல்ல பிழை. பெயர்த்தெடுக்கும் இடத்தில் பழைய பெயரை மாற்ற மறந்திருந்தாலோ, எந்த எச்சரிக்கையும் வராது. ஏனெனில் பழைய பெட்டியும் செல்லுபடியாகும் பொருள்தான். பெரிய பெட்டியை வைத்துவிட்டுத் திரும்ப எடுப்பவர் கையில் சிறிய பெட்டி வந்து சேரும்.

துணைச் செயற்கூறு, அதாவது திரும்பத் திரும்ப வரும் வேலையைச் செய்ய ஒருமுறை எழுதிப் பெயரிட்டு வேண்டும்போது அழைக்கும் நிரல்பகுதி, இந்த ஆறு இடங்களையும் ஒரே முறை எழுதி முடித்துவிடுகிறது. பெயர், அறைகளின் எண்ணிக்கை, மூலப்பொருள்கள் ஆகியவற்றை மட்டும் அது பெற்றுக்கொள்ளும். மூன்று வரையறைகளையும் தானே அமைத்துக்கொள்ளும். தட்டச்சு வேலை குறைவது இதன் சிறிய பயன் என்றே நான் கருதுகிறேன். ஒரு பெட்டி சரியாக இயங்க என்னென்ன தேவை என்ற அறிவு முழுவதும் ஓரிடத்தில் தங்குவதுதான் பெரிய பயன்.

அந்த அறிவில் எளிதில் தவறவிடக்கூடியவையும் உண்டு. ஃபாக்டோரியோ மோட்கள் எழுதப்படும் லூவா மொழியில், ஒரு டேபிளை (பெயர்களையும் அவற்றுக்கான மதிப்புகளையும் சேர்த்து வைக்கும் தரவமைப்பை) வேறொரு மாறியில் இட்டால் நகல் உருவாவதில்லை. அதே டேபிளுக்கு இன்னொரு பெயர் கிடைக்கிறது, அவ்வளவுதான். ஆகவே விளையாட்டில் ஏற்கனவே உள்ள இரும்புப் பெட்டியின் வரையறையை எடுத்து அதன் 32 அறைகளை 100 ஆக்கினால், மூல இரும்புப் பெட்டியும் 100 அறைகள் கொண்டதாகிவிடும். மேலடுக்கை மட்டும் படியெடுப்பதும் போதாது. பெயர்த்தெடுத்தால் கிடைக்கும் பொருளின் பெயர் உள்ளே இருக்கும் இன்னொரு டேபிளில் இருப்பதால், அந்த உள் டேபிள் இரண்டு பெட்டிகளுக்கும் பொதுவாகவே நின்றுவிடும். இதற்காகவே எல்லா அடுக்குகளையும் படியெடுக்கும் டேபிள்.டீப்காப்பி என்ற செயற்கூற்றை ஃபாக்டோரியோ தருகிறது. துணைச் செயற்கூற்றின் முதல் வரியில் அதை ஒருமுறை அழைத்துவிட்டால், பத்தாவது பெட்டியை எழுதும்போது அதைப் பற்றி நினைக்க வேண்டியதில்லை.

2024 அக்டோபரில் ஃபாக்டோரியோவின் 2.0 பதிப்பு வெளியானபோது இந்த முறையின் அருமை நன்றாகவே தெரிந்தது. மூலப்பொருளைப் பெயர், எண்ணிக்கை என்று சுருக்கமாகக் குறிக்கும் பழைய வழியும், விளைபொருளை ஒற்றைப் பெயராக எழுதும் வழியும் அப்போது நீக்கப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் வகை, பெயர், அளவு ஆகிய மூன்றையும் தனித்தனியே சொல்ல வேண்டியதாயிற்று. செய்முறைகளைக் கையால் எழுதியிருந்தவர்கள் ஒவ்வொன்றையும் தேடித் திருத்த வேண்டியிருந்தது. துணைச் செயற்கூற்றின் வழியே எழுதியிருந்தால், சுருக்க வடிவத்தை முழு வடிவமாக்கும் சில வரிகளை அதற்குள் சேர்ப்பதே போதும்.

விடுபட்ட மதிப்புகளுக்கு இயல்புநிலை மதிப்பைத் தரும்போது கவனம் தேவை. 'கொடுத்த மதிப்பு, இல்லையேல் 32' என்பதை லூவாவில் 'ஆர்' (or) என்ற செயற்குறியால் எழுதுவது வழக்கம். எண்களுக்கு அது சரியாகவே வேலை செய்யும். செய்முறை தொடக்கத்திலேயே திறந்திருக்க வேண்டுமா என்ற கேள்விக்கு 'கொடுத்த மதிப்பு, இல்லையேல் ஆம்' என்று அதே பாணியில் எழுதினால், 'இல்லை' என்று கொடுத்தாலும் விடை 'ஆம்' என்றே வரும். ஏனெனில் அந்தச் செயற்குறிக்கு 'இல்லை' என்ற மதிப்பும் மதிப்பே இல்லாத நிலையும் ஒன்றுதான். ஆய்வுக்குப் பிறகு கிடைக்க வேண்டிய பெட்டி முதல் நிமிடத்திலேயே கிடைத்துவிடும். மதிப்பு கொடுக்கப்படவே இல்லையா என்று தனியாகச் சோதிப்பதே இங்கே சரியான வழி.

விதிவிலக்குகள் பெருகும்போது, ஒவ்வொன்றுக்கும் ஒரு அளபுருவை (செயற்கூறு அழைப்பவரிடமிருந்து பெறும் மதிப்பை) சேர்க்கும் ஆசை எழும். எட்டு, ஒன்பது அளபுருக்கள் கொண்ட செயற்கூற்றைப் படித்துப் புரிந்துகொள்வது, படியெடுத்து ஒட்டிய நிரலைப் படிப்பதைவிடக் கடினம். அதனால், வரையறைகளைச் செயற்கூறே விளையாட்டில் பதிவு செய்துவிடாமல், உருவாக்கியவற்றை அழைத்தவரிடம் திருப்பித் தருமாறு எழுதுவது நல்லது. ஒரே ஒரு பெட்டிக்கு மட்டும் வேறு ஒலி வேண்டுமென்றால், திரும்பி வந்த டேபிளில் அந்த ஒன்றை மாற்றிவிட்டுப் பிறகு பதிவு செய்துகொள்ளலாம். மற்ற ஒன்பது பெட்டிகளுக்கும் அந்த ஒலியைப் பற்றி எதுவும் தெரிய வேண்டியதில்லை.