வலிக்கு அக்குபஞ்சர்: ஊசியைத் தொடுமுன் கேட்க வேண்டியவை

அக்குபஞ்சருக்கு முதன்முறையாக வருபவர்களில் பலர், நான் ஊசியை எடுப்பதற்கு முன்பே சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு கண்களை இறுக மூடிக்கொள்கிறார்கள். ஊசி என்றதும் அவர்கள் மனத்தில் தோன்றுவது மருந்து ஏற்றும் ஊசிதான். இதுவோ உள்ளே துளையில்லாத, மருந்தில்லாத, பெரும்பாலும் கால் மில்லிமீட்டர் தடிமனே கொண்ட எஃகுக் கம்பி. தோலைக் கடக்கும்போது ஒரு கணம் சுருக்கென்று இருக்கும். பிறகு மெல்லச் சுழற்றும்போது அவ்விடத்தில் கனமோ மரமரப்போ பரவும். சீன மருத்துவத்தில் இதற்கு 'தே சி' என்று பெயர். முழங்கால் வலிக்கு வந்த ஓர் அம்மா, "உள்ளேயிருந்து யாரோ பெருவிரலால் அமுக்குவது போல் இருக்கிறது" என்றார். அந்தச் சொல் வந்ததும் கையை நிறுத்திவிடுவேன். மாறாக, மின்சாரம் பாய்ந்தது போல் கூர்மையாக வலித்தால் ஊசி நரம்பைத் தொட்டிருக்கலாம். உடனே பின்னுக்கு இழுத்துவிட வேண்டும்.

ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய சீன மரபு, உடலில் 'சி' என்னும் ஆற்றல் ஓடும் பாதைகள் இருப்பதாகவும், அவை தடைபடும்போது வலி தோன்றுவதாகவும் விளக்கியது. அந்தப் பாதைகளை உடற்கூறியலில் காட்ட முடியவில்லை. ஆனால், ஊசி தூண்டும் நரம்புகள் தண்டுவடத்துக்கும் மூளைக்கும் செய்தி அனுப்புவதையும், உடலே சுரக்கும் வலி தணிப்பான்களான எண்டார்பின்கள் அதனால் வெளிப்படுவதையும் 1970களிலிருந்து ஆய்வாளர்கள் காட்டி வருகிறார்கள். எண்டார்பினின் செயலைத் தடுக்கும் நலாக்சோன் மருந்தைக் கொடுத்தபோது ஊசியின் வலி தணிக்கும் விளைவும் குறைந்தது அதற்கு வலுவான சான்றாக அமைந்தது.

நாள்பட்ட முதுகு வலி, கழுத்து வலி, தோள் வலி, முழங்கால் மூட்டுத் தேய்மானம், தலைவலி ஆகியவற்றில்தான் இதற்கு ஓரளவு உறுதியான ஆதாரம் இருக்கிறது. 39 ஆய்வுகளில் பங்கேற்ற 20,827 பேரின் தரவுகளைத் தொகுத்து 2018இல் வெளியான பகுப்பாய்வில், அக்குபஞ்சர் பெறாதவர்களைவிடப் பெற்றவர்களுக்கு வலி தெளிவாகக் குறைந்திருந்தது; ஓராண்டுக்குப் பின்னும் அப்பயனின் பெரும்பகுதி நீடித்தது. அதே பகுப்பாய்வில், போலி ஊசி (தோலைத் துளைக்காமலோ, உரிய புள்ளியல்லாத இடத்திலோ ஒப்பீட்டுக்காக வைக்கப்படுவது) பெற்றவர்களுக்கும் உண்மையான ஊசி பெற்றவர்களுக்கும் இடையிலான வேறுபாடு சிறிதாகவே இருந்தது. இந்த இரண்டாவது செய்தியை நோயாளியிடம் மறைப்பது நேர்மையாகாது என்று கருதுகிறேன். தேய்ந்த குருத்தெலும்பை ஊசி வளர்க்காது. வலியைத் தணித்து, நடக்கவும் உடற்பயிற்சி செய்யவும் இடம் கொடுக்கும், அவ்வளவுதான். எல்லா நோய்களையும் இது தீர்க்கும் என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

எனவே, ஊசியைவிடக் கேள்விகளுக்கே முதல் சந்திப்பில் அதிக நேரம் செலவிடுகிறேன். இடுப்பு வலிக்கு ஊசி குத்திக்கொள்ள வந்த ஒருவர், பேச்சுவாக்கில், இரண்டு நாள்களாகச் சிறுநீர் சரியாக இறங்கவில்லை, உட்காருமிடம் மரத்துப்போயிருக்கிறது என்றார். தண்டுவடத்தின் அடியிலுள்ள நரம்புக்கற்றை நசுங்குவதன் அறிகுறிகள் இவை. சில மணி நேரத் தாமதம்கூட நிரந்தர இழப்பில் முடியலாம். அவருக்கு ஊசியே குத்தாமல் அப்போதே மருத்துவமனைக்கு அனுப்பினேன். காய்ச்சலோடு கூடிய முதுகு வலி, காரணமில்லாத எடை இழப்பு, நெஞ்சு வலி, திடீரென்று வெடிப்பது போன்ற தலைவலி ஆகியவற்றுக்கும் அக்குபஞ்சரை நாடக் கூடாது. வலி குறைவதால் நோய் மறைந்திருந்து வளரும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

பொதுவாக ஓர் அமர்வு 20 முதல் 30 நிமிடம். ஆறு அமர்வுகளுக்குள் எந்த மாற்றமும் தெரியாவிட்டால் நான் நிறுத்திவிடுகிறேன். ஏற்கெனவே எடுக்கும் மாத்திரைகளை உங்கள் மருத்துவரைக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள். கர்ப்பமாக இருந்தாலும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எடுத்தாலும், பேஸ்மேக்கர் பொருத்தியிருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; பேஸ்மேக்கர் உள்ளவருக்கு ஊசியில் மின்சாரம் பாய்ச்சும் முறை கூடாது. நெஞ்சிலும் தோள்மேட்டிலும் ஆழமாகக் குத்தினால் நுரையீரலைத் துளைத்துவிடக்கூடும் என்பதால் உடற்கூறியல் கற்ற கைகளே அங்கே தொட வேண்டும். வெறும் வயிற்றோடு வந்தால் மயக்கம் வரலாம் என்பதால் சிறிது உண்டுவிட்டு வாருங்கள். ஊசி உறையை உங்கள் கண்முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். பயன்படுத்திய ஊசி மறுபடி தட்டுக்குப் போகாமல் அதற்குரிய கடினமான கழிவுப் பெட்டிக்குள் விழுகிறதா என்று பாருங்கள்.